கைப்பையில் இரண்டு காகிதங்கள்

கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் என் துப்பட்டாவில் ஓர் ஊக்கு கூடுதலாக இருக்கும். துப்பட்டா நழுவாமல் இருக்கக் குத்தியது வேறு; இது அம்மா தனியாகக் கொடுத்தது. சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் காலைப் பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். “பின்னாடி எவனாவது உரசினா குத்திடு. கத்தாதே. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்” என்று அம்மா சொல்லி அனுப்புவார். நான் இரண்டு முறை குத்தியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கத்தியதில்லை.

இருபது வருடம் கழித்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரில், என் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, என் முன்னாள் கணவர் என்னையோ என் வீட்டையோ என் வேலையிடத்தையோ நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு ஆணை. மற்றது, கைத்துப்பாக்கியை உடலிலோ பையிலோ மறைத்து எடுத்துச் செல்ல ஷெரீப் அலுவலகம் கொடுத்த உரிமம். இரண்டாவது ஒரு சிறிய அட்டைதான். என்றாலும் இரண்டையும் நான் காகிதம் என்றே சொல்கிறேன். இரண்டுமே யாரோ கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்து, “இனி உன் பாடு” என்று அனுப்பியவை.

முதல் காகிதம் மாநில எல்லையைத் தாண்டும். 1994-இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, ஒரு மாநில நீதிமன்றம் தந்த பாதுகாப்பு ஆணையை மற்ற எல்லா மாநிலங்களும் தம்முடைய ஆணையைப் போலவே மதிக்க வேண்டும். இரண்டாவது காகிதம் அப்படித் தாண்டாது. எந்த மாநிலம் அதை ஏற்கும், எது ஏற்காது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். ஆனால் எல்லை தாண்டும் காகிதம், யாராவது வந்து நிறைவேற்றினால்தான் உயிர் பெறும். எல்லை தாண்டாத காகிதத்துக்கு யாரும் வர வேண்டியதில்லை. என் விரல் போதும். இந்த முரணோடு நான் மூன்று வருடம் வாழ்ந்தேன். ஒரு பெண்ணின் உயிரைக் காப்பது யாருடைய வேலை என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, இந்தக் கைப்பையிலிருந்துதான் வந்தது.

2007-இல் எச்-4 விசாவில் வந்தவள் நான். வேலைக்கு வந்தவரின் மனைவி. அந்த விசாவின் பெயரே ‘சார்ந்திருப்பவர்’ என்பதுதான். அப்போது அதில் வேலை பார்க்க முடியாது; 2015 மே மாதத்துக்குப் பிறகுதான் அந்த மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவும் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. எனக்கு முதல் அறை விழுந்தது அந்தக் காலத்தில். சம்பளம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, நாட்டில் இருக்கும் உரிமையே அவர் பெயரில். “ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டே?” என்று இன்றும் கேட்கிறார்கள். 2021-இல் கிரீன் கார்டு வந்தது. 2022-இல் நீதிமன்றப் படி ஏறினேன். இடையில் உள்ள வருடங்களுக்கான விடை அந்த இரண்டு தேதிகளில் இருக்கிறது.

ஆணை வந்த பிறகும் அவருடைய கார் என் குடியிருப்புக்கு எதிரே வந்து நிற்கும். இறங்க மாட்டார். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் காவல்துறையைக் கூப்பிடுவேன். அவர்கள் வருவதற்குள் கார் போயிருக்கும். மூன்றாவது முறை வந்த காவலர் நல்லவிதமாகத்தான் பேசினார். “நாங்கள் நேரில் பார்க்காததை வைத்து என்ன செய்ய முடியும் அம்மணி?” என்றார். போகும்போது, “உங்களிடம் ஏதாவது ஆயுதம் இருக்கிறதா?” என்று கேட்டார். விசாரணைக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆலோசனையாகச் சொல்லியிருக்கிறார் என்பது படுக்கையில் விழித்துக் கிடந்தபோதுதான் உறைத்தது.

அந்தக் காவலர் தன் மனம்போல் ஏதோ சொல்லிவிட்டார் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1999 ஜூன் மாதம், கொலராடோ மாநிலத்தின் காசில் ராக் ஊரில், ஜெசிகா கொன்சாலஸ் என்ற பெண்ணின் மூன்று மகள்களை, பாதுகாப்பு ஆணையை மீறி, அவருடைய கணவர் தூக்கிச் சென்றார். அந்தத் தாய் இரவு முழுக்கக் காவல் நிலையத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நேரிலும் போனார். காத்திருக்கச் சொன்னார்கள். விடிவதற்கு முன் அந்த ஆள் காவல் நிலையத்துக்கே வந்து சுட்டார்; காவலர்கள் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டியில் மூன்று சிறுமிகளின் உடல்கள் கிடந்தன. கொலராடோ சட்டம், ஆணையை மீறுபவரைக் கைது செய்தே ஆக வேண்டும் என்ற தொனியில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் சொன்னது: ஆணையை நிறைவேற்றும்படி கோரும் அரசியலமைப்பு உரிமை அந்தத் தாய்க்குக் கிடையாது. 2011-இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று அறிவித்தது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

இந்தத் தீர்ப்பைப் படித்த வாரத்தில்தான் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன்.

பென்சில்வேனியாவில் அது கடினமான காரியம் இல்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். கட்டணம் 20 டாலர். பின்னணி விசாரணை உண்டு. ஐந்து வருடம் செல்லும். கார் ஓட்ட நான் தேர்வு எழுதினேன், ஓட்டிக் காட்டினேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்க மாநிலம் என்னிடம் எந்தத் தேர்வும் கேட்கவில்லை. காரணத்தைக் குறிக்கும் இடத்தில் ‘தற்காப்பு’ என்ற கட்டத்தில் டிக் செய்தேன். யாரிடமிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடினமாக இருந்தது வேறொன்று. குடும்பத்தைச் சேராத இரண்டு பேரின் பெயரைச் சான்றுக்குத் தர வேண்டும். பதினைந்து வருடமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒன்றாகச் சமைத்த ஒருவரிடம் கேட்டேன். “அவர் பக்கமும் எங்களுக்கு வேண்டியவங்க. எங்களை இதில் இழுக்காதேம்மா” என்றார். இன்னொருவர், “பொம்பளை கையில் துப்பாக்கியா?” என்று சிரித்தார். கடைசியில் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். இருவரும் தமிழர்கள் இல்லை. எனக்கு அப்போது வந்த கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என் முதுகில் காயம் இருந்தபோது இவர்கள் சாட்சி சொல்லவில்லை. இப்போது என் நடத்தைக்கும் சாட்சி சொல்லவில்லை.

பெண்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் நானாகவே சேர்ந்தேன். அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள். அந்தக் கூடத்தில் முதல் முறையாக என் கைகள் நடுங்காமல் நின்றன என்பதை மறைக்க மாட்டேன். பெண்களுக்கு எப்போதும் பொறுமையையே உபதேசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடிப்பவன் கையில் வன்முறை இருக்கும்போது அதை ‘குடும்பப் பிரச்சினை’ என்றவர்கள், அவள் கையில் ஆயுதம் வந்ததும் அகிம்சையைப் பற்றிப் பேசுவதை நான் கேட்கத் தயாராக இல்லை. லிஞ்சிங் கொலைகளை ஆவணப்படுத்திய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், சட்டம் காக்காத வீட்டில் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று 1892-லேயே எழுதினார். அவரை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் அந்தப் பொருள் என்னை மாற்றியது. பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் ஒரு சனிக்கிழமை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகப் போனவள், பையில் அது இருப்பது நினைவு வந்து நின்றுவிட்டேன். செருப்பு ஆகாத இடத்துக்கு இது ஆகுமா? திரும்பிப் போய்க் காரில் பூட்டி வைத்துவிட்டு வந்தேன். அன்று வணங்கவே முடியவில்லை. ஒரு பாதி மனம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, மறுபாதி காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயத்தைப் போக்க வாங்கியதைப் பாதுகாப்பதே ஒரு புதிய பயமாகிவிட்டது.

பிறகு என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு 13 வயது. பெட்டகத்தைப் பார்த்துவிட்டாள். அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அம்மா, நீ அப்பாவைச் சுடுவியா?” என்றாள்.

‘தற்காப்பு’ என்று கட்டத்தில் டிக் செய்தபோது யாரும் கேட்காத கேள்வி அது. நான் பதில் சொல்லவில்லை. தோசை ஊற்றப் போய்விட்டேன்.

இதற்கிடையில் அவர் வேலை மாறி நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் குடியேறினார். அப்போதுதான் மாநில எல்லை என்றால் என்ன என்று புரிந்தது. பிட்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால் ஒஹாயோ. அந்த மாநிலம் எல்லா மாநில உரிமங்களையும் ஏற்கும். 2022 ஜூன் முதல் தகுதியுள்ள 21 வயதினருக்கு அங்கே உரிமமே தேவையில்லை. கிழக்கே ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் எடிசன். நியூ ஜெர்சி வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. எனக்கு அஞ்ச வேண்டிய ஆள் யாரும் இல்லாத ஒஹாயோவில் என் அட்டை செல்லும். அஞ்ச வேண்டிய ஆள் இருக்கும் இடத்தில் அதே அட்டை என்னைக் குற்றவாளியாக்கும்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. 2013 அக்டோபரில், பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம் கறுப்பினத் தாய், என்னிடம் இருப்பது போன்ற அதே பென்சில்வேனியா உரிமத்தோடு ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் போனார். சாலையில் நிறுத்திய காவலரிடம், துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்று தானாகவே சொன்னார். கைது செய்தார்கள். மூன்றாண்டுக்கும் மேலான கட்டாயச் சிறைத் தண்டனை அவர் தலைக்கு மேல் தொங்கியது. வழக்கு ஊரெங்கும் பேசப்பட்ட பிறகு 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். வழிப்பயணத்துக்கு ஒரு கூட்டாட்சிச் சட்டம் உண்டு, 1986-இல் வந்தது: தோட்டா எடுத்து, பூட்டி, கைக்கெட்டாத இடத்தில் வைத்துக் கடந்து போகலாம். ஆனால் புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அதை எடுத்துச் செல்லும் உரிமை இருக்க வேண்டும். எடிசன் எனக்கு வழி இல்லை, போய்ச் சேரும் இடம்.

2022 ஜூனில் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமம் கேட்பவர் தனக்குத் தனிப்பட்ட தேவை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் பழைய சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு நியூ ஜெர்சியும் விதிகளை மாற்றியது. இப்போது நானும் அங்கே தனியாக விண்ணப்பிக்கலாம்: கட்டணம் 200 டாலர், பயிற்சி, சான்றுக்கு நான்கு பேர். நான்கு பேர்! இரண்டு பேருக்கே நான் பட்ட பாடு தெரியும்.

அப்படியானால் உரிமம் எல்லா எல்லைகளையும் தாண்ட வேண்டும் என்று கேட்பதுதானே நியாயம்? 2017 டிசம்பரில் அப்படி ஒரு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. சில இரவுகளில் அது சட்டமாகியிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். அந்த ஆசையைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், அந்தச் சட்டம் என் பெயரைப் பார்த்து எழுதப்பட்டிருக்காது. ஆணை இருக்கும்வரை அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. இந்தத் தடை சரி என்று 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று உறுதி செய்தது. ஆனால் பென்சில்வேனியாவில் ஆணையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம். அவர் புதிதாக எதுவும் செய்யாவிட்டால் நீட்டிப்பது கடினம். என் உரிமத்தின் ஆயுளோ ஐந்து வருடம். ஆணை முடிந்த மறுநாள், நான் எதற்காக எல்லை தாண்ட ஆசைப்பட்டேனோ அதே உரிமை அவருக்கும் எல்லை தாண்டி வரும். என் வாசலுக்கே வரும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் 11 நகரங்களில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. துன்புறுத்துபவருக்குத் துப்பாக்கி கைக்கெட்டும் நிலையில் இருந்தால், பெண் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு கூடுகிறது என்கிறது அது. ஆயுதம் எல்லோருக்கும் சமம் என்கிறார்கள். அவருக்குத் தேவை ஒரு கணம். எனக்குத் தேவை எல்லாக் கணங்களும் விழித்திருப்பது. இது சமம் இல்லை.

பயன்படுத்திய பிறகும் சமம் இல்லை. 2010-இல் புளோரிடாவில் மரிசா அலெக்சாண்டர், தான் பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்த கணவரை எச்சரிக்க ஒரு முறை சுட்டார். யாருக்கும் காயம் இல்லை. ‘பின்வாங்க வேண்டியதில்லை’ என்று சொல்லும் சட்டம் உள்ள மாநிலம் அது. அவருக்கு அந்தச் சட்டம் கிடைக்கவில்லை. 2012-இல் 20 வருடத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, சுமார் மூன்று வருடச் சிறைக்குப் பிறகு ஓர் உடன்பாட்டில் வெளியே வந்தார். மினசோட்டாவில் 2016-இல் ஃபிலான்டோ காஸ்டில், உரிமம் உள்ளவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் விடுதலையானார். உரிமம் எல்லோருக்கும் ஒரே அட்டைதான். அதை நீட்டும் கையின் நிறத்தையும் பார்க்கிறார்கள். என் கையும் வெள்ளைக் கை இல்லை.

இது அமெரிக்கப் பைத்தியம், நமக்கென்ன என்று ஊரில் இருக்கும் தோழிகள் நினைக்கலாம். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். பேருந்தில் ஏறிய பெண்ணுக்கு அரசு பாதுகாப்பான பேருந்து தரவில்லை, விலைப் பட்டியல் தந்தது. என் அம்மாவின் ஊக்கு இலவசம். 20 டாலர் உரிமம் மலிவு. நிர்பீக் விலை அதிகம். மூன்றும் சொல்வது ஒன்றுதான். நீயே பார்த்துக்கொள். கத்தாதே.

தற்காத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரசும் ஊரும் தங்கள் கடமையைக் கைவிட்ட இடத்தில் அந்த உரிமையைக் கொண்டுவந்து நிரப்பும்போது, அது உரிமையாக இருப்பதில்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலை என் தலையில் இறங்குகிறது. சுட்டால் கொலைகாரி, சுடாவிட்டால் பிணம், எல்லை தாண்டினால் கைதி. எந்த முடிவுக்கும் பொறுப்பு நான் மட்டுமே. என் மகளின் கேள்வியைக்கூட நான்தான் தாங்க வேண்டும். அவளுடைய அப்பாவைக் காருக்குள் உட்காரவிட்டவர்களிடம் அவள் அதைக் கேட்கப் போவதில்லை.

போன வருடம் எடிசனில் ஒரு தோழியின் மகளுக்கு அரங்கேற்றம். என் மகளுக்கு நெருங்கிய சிநேகிதி. அவருக்கும் அழைப்பு போயிருந்தது. துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். புறப்படும் முன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்று செய்தேன். ஆணையின் நகலைத் தோழிக்கும், விழாவுக்கு வரும் பெண்களில் எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். “இதுதான் நிலைமை. அவர் வந்தால் நான் போலீஸைக் கூப்பிடுவேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். சிலர் பதிலே போடவில்லை. ஆறு பேர் போட்டார்கள்.

அவர் வந்தார். அரங்கின் முன்கூடத்தில் என்னை நோக்கி நடந்தார். நான் போனை எடுத்தேன். அதற்குள் தோழியின் மாமியார், எழுபது வயதைக் கடந்தவர், காபித் தட்டோடு குறுக்கே நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “தம்பி, நீங்க இந்தப் பொண்ணுகிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்காம். கிளம்புங்க.” எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிளம்பினார்.

இதை நான் தீர்வாகச் சொல்லவில்லை. அவர் கையில் ஆயுதம் இருந்திருந்தால் அந்தக் குரல் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று காவல்துறைக்கும் புகார் கொடுத்தேன். அந்தப் புகாரை வைத்துத்தான் இப்போது ஆணையை நீட்டிக்கக் கேட்டிருக்கிறேன். இந்த முறை என் பக்கத்தில் ஆறு சாட்சிகள். நான் சொல்வது இவ்வளவுதான்: என் பெயருக்குச் சான்று கொடுக்க மறுத்த அதே ஊரில்தான் இந்த ஆறு பேரும் இருந்திருக்கிறார்கள். நான் மறைத்துக்கொண்டே இருந்ததால் அவர்களைப் பார்க்கவில்லை. காயத்தை மறைத்தேன், பிறகு துப்பாக்கியை மறைத்தேன்.

உரிமம் 2028 வரை இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. அதை விட்டுவிடும் அளவுக்கு இந்த நாடு இன்னும் எனக்கு எந்த உறுதியும் தரவில்லை. மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் போன மாதம் சொன்னேன். “உன்னையும் என்னையும் கொல்ல வந்தால் சுடுவேன். ஆனா அந்த நிலைமை வராம பார்த்துக்க வேண்டியது நான் மட்டும் இல்லை. அதை எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்றேன். அவள் தலையசைத்தாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

அவள் இப்போது தனியாகப் பேருந்தில் போகிறாள். அம்மா வீடியோவில் பேத்தியிடம், “பையில ஒரு ஊக்கு வச்சுக்கோ கண்ணு” என்றார். வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. “ஆனா முதல்ல கத்து” என்று நான் குறுக்கே சொன்னேன். “பஸ்ஸே திரும்பிப் பார்க்கட்டும்.”